கூட்டாளியைக் கவுக்கும் கலை - ஒரு குட்டி வரலாறு

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகம் உள்ளவங்க டீ பிரேக்ல படிங்க. நடுநடுவுல கொசுவத்தி சுத்தும், பொறுத்தருள்க.

பேட்டில் சிட்டின்னு ஒரு ஆட்டம். அப்படிச் சொன்னா எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது. 'டேங்கு கேம்'னா எல்லாருக்கும் தெரியும். 1985-ல ஜப்பானோட நாம்கோ கம்பெனி போட்டது. திரைக்கு அடியில செங்கல் கட்டி நடுவுல ஒரு கழுகு உக்காந்திருக்கும். மேலேர்ந்து எதிரி டேங்குகள் வரும். ரெண்டு பேர் சேர்ந்து கழுகைக் காப்பாத்தணும். மஞ்சள் டேங்கு ஒருத்தனுக்கு, பச்சை இன்னொருத்தனுக்கு.

இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. நான் சுட்ட குண்டு என் கூட்டாளி மேல பட்டா என்ன ஆகும்? ஒண்ணுமே ஆகாதுன்னு வெச்சிருக்கலாம். அப்படி இருந்தா யாரும் கவனிச்சே இருக்க மாட்டாங்க. செத்துடுவான்னு வெச்சிருக்கலாம். அப்ப நிஜமாவே அடிதடி ஆகியிருக்கும். நாம்கோக்காரங்க ரெண்டும் பண்ணல. அடி வாங்கினவன் டேங்கு மினுக் மினுக்குன்னு மின்னிக்கிட்டு சில நொடி நகர முடியாம நின்னுடும். சாவு இல்ல, ஆனா எதிரி பக்கத்துல வரும்போது அந்தச் சில நொடி போதும். போதாக்குறைக்கு, கழுகை நம்ம குண்டே உடைக்கலாம். உடைச்சா ரெண்டு பேருக்கும் ஆட்டம் காலி.

பொட்டி தட்டுறவன் கண்ணுல பார்த்தா அது ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன். அந்த ஒரு வரிக்காக எங்க வீட்டு ஹால்ல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டவங்க எத்தனை பேர்! "தெரியாம பட்டுடுச்சுடா"ன்னு சொல்றவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும், தெரிஞ்சே சுட்டான்னு.

வீடியோ கேம் ஜோக் சொல்லி நம்மளைச் சிரிக்க வெச்சது ரொம்பக் கம்மி. சிரிப்பு வந்ததெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தவனாலதான். அப்படிப்பட்ட ஆட்டங்கள் எங்கேர்ந்து வந்துச்சு, அதுல எது எங்க கூடுவாஞ்சேரி வரைக்கும் வந்து சேர்ந்துச்சு, எது வரவே இல்லை, ஏன் வரல - இதைத்தான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வீடியோ கேமோட பூர்வ கதையில பெரும்பாலும் ரெண்டு பேர் ஆட்டம்தான். 1958 அக்டோபர்ல அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சுத்திப் பார்க்க வர்ற ஜனங்களுக்குப் பொழுது போகணும்னு வில்லியம் ஹிகின்பாதம்ங்கற இயற்பியல்காரர் ஆசிலோஸ்கோப்புல ஒரு டென்னிஸ் ஆட்டம் செஞ்சு வெச்சார். ரெண்டு பேர் ஆடணும். 1972-ல வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, வீட்டு டிவியில மாட்டி ஆடின முதல் பொட்டி. அதுல சத்தமே கிடையாது. கூடவே சீட்டு, தாயக்கட்டை, பொம்மை ரூபா நோட்டெல்லாம் டப்பாவுல வெச்சுக் குடுத்தாங்க. அதே வருஷம் வந்த அடாரியோட பாங் ஆட்டமும் ரெண்டு பேருக்குத்தான்.

ஏன் ரெண்டு பேர்னா, காரணம் பாசம் இல்லை, பட்ஜெட். பாங் பொட்டிக்குள்ள மைக்ரோப்ராசஸரே கிடையாது. சும்மா லாஜிக் சிப்புகளைக் கோத்து வெச்சிருந்தாங்க. ப்ரோக்ராம்னு ஒரு வரி கூட இல்லை. அதை வெச்சுக்கிட்டு எதிர்த்து ஆடற மூளையை எங்கேர்ந்து கொண்டு வர்றது? பக்கத்துல நிக்கற மனுஷன் மூளை ஓசி. அவனையே எதிராளி ஆக்கிட்டாங்க. அப்புறம் 1978-ல ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்துச்சு. இனிமே மெஷினே எதிரி, நீங்க தனியா நின்னு அதோட மல்லுக்கட்டலாம்னு ஆச்சு. சிப்பு விலை இறங்க இறங்க, பக்கத்துல நின்ன மனுஷனோட தேவையும் இறங்கிடுச்சு.

இதுக்கு எதிர்த்திசையில நடந்தவர் டான் பன்டன். பின்னாளில் பெண்ணாக மாறி டேனியல் பன்டன் பெர்ரி ஆனவர். இவங்க 1983-ல செஞ்ச ஆட்டம் 'ம்யூல்'. வேத்து கிரகத்துல நிலம் வாங்கி, கோவேறு கழுதை மாதிரி ஒரு இயந்திரத்தை மேய்ச்சு, விளைச்சலைச் சந்தையில விக்கணும். நாலு பேர் ஒரே மெஷின் முன்னாடி உக்காந்து ஆடலாம். ஏன்னா அடாரி 800-ல நாலு ஜாய்ஸ்டிக் ஓட்டை இருந்துச்சு. இதுல திடீர் அதிர்ஷ்டம், திடீர் துரதிர்ஷ்டம்னு செய்தி வந்துக்கிட்டே இருக்கும். ஆனா முதல் இடத்துல இருக்கறவனுக்கு நல்லது வராது. கடைசி இடத்துல இருக்கறவனுக்குக் கெட்டது வராது. ஓரவஞ்சனைதான். ஆனா அதனாலதான் கடைசியில இருக்கறவனும் எழுந்து போகாம உக்காந்திருப்பான். நாலு பேரும் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாத்தானே நக்கல் நடக்கும்!

பன்டன் 1998 ஜூலையில காலமானாங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஜப்பான்ல மரியோ பார்ட்டி வந்துச்சு. நாலு பேர், தாயம் உருட்டற மாதிரி ஒரு பலகை, நடுநடுவுல சின்னச் சின்னப் போட்டிகள். ஆட்டம் முடிஞ்சு ஜெயிச்சவன் காலரைத் தூக்கிவிடும்போது, கடைசியில சில நட்சத்திரங்களைப் போனஸா எடுத்து வேற யாருக்காவது குடுத்து மொத்தத்தையும் தலைகீழாக்கிடும். பன்டனோட அதே ஓரவஞ்சனை, இன்னும் கூச்சமில்லாம. இதுல இன்னொரு கூத்து. சில போட்டிகள்ல குச்சியை வேகமாச் சுத்தணும். பசங்க உள்ளங்கையை வெச்சுத் தேச்சதுல தோலே கிழிஞ்சு போச்சு. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டு, 2000-த்துல நிண்டெண்டோ கம்பெனி வாங்கினவங்களுக்குக் கையுறை தர ஒத்துக்கிச்சு. சிரிச்சுக்கிட்டே ரத்தம் பார்த்த கதை.

மரியோ பார்ட்டி எல்லாம் நம்ம பக்கம் வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை. நம்ம பக்கம் வந்தது அதுக்குப் பதினஞ்சு வருஷம் முந்தைய சரக்கு. அதுவும் டூப்ளிகேட்.

நிண்டெண்டோவோட ஃபேமிகாம் 1983 ஜூலையில ஜப்பான்ல வந்த பொட்டி. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ரெண்டு ரிமோட்டையும் ஒயரோட பொட்டியிலயே நிரந்தரமா இணைச்சிருப்பாங்க. ரெண்டாவது ரிமோட்டைத் தனியா காசு குடுத்து வாங்க வேண்டாம். வாங்கினா ரெண்டு பேருக்குச் சேர்த்துத்தான் வாங்கறீங்க. இந்தப் பொட்டியைக் காப்பியடிச்சு வந்த நகல்கள் ஆசியா முழுக்கப் பரவுச்சு. இந்தியாவுல மீடியா மாதிரி பல பேர்ல வித்துச்சு. பின்னாடி மொத்தப் பொட்டியோட மூளையையும் ஒரே சிப்புல அடக்கி, மேல கறுப்பா ஒரு சொட்டுப் பிசினை ஊத்தி மூடிட்டாங்க. விலை தரைக்கு வந்துடுச்சு. ஜப்பான்ல 2003-ல ஃபேமிகாம் தயாரிப்பையே நிறுத்தினாங்க. கூடுவாஞ்சேரியில எங்களுக்கு அப்பத்தான் ஆரம்பம்.

அப்பா ரிச்சி தெருவுல எதையோ வாங்கப் போய், திரும்பி வரும்போது மஞ்சப்பையில இதையும் வாங்கிட்டு வந்தார். கூடவே ஒரு கேசட்டு. '99999 இன் 1'னு மேல ஒட்டியிருக்கும். உள்ள நிஜமா இருக்கறது இருபதோ முப்பதோ. அதையே பேரை மாத்தி, ஆரம்பிக்கற லெவலை மாத்தி லட்சம் ஆக்கியிருப்பான். (மென்பொருள் துறையில இதை 'புது வெர்ஷன்'னு சொல்லுவோம். ஹி ஹி.) கேபிள் ஒயரைப் புடுங்கிட்டு இதைச் சொருகணும், அம்மா சீரியல் நேரத்துக்குள்ள திரும்ப மாட்டணும். லீவு நாள்ல எட்டுப் பேர் வருவாங்க. ரிமோட் ரெண்டுதான். ஒரு லைஃப் போனா அடுத்தவன் கைக்குப் போகணும்ங்கறது தெரு சட்டம். மீதி ஆறு பேர் வேலை வர்ணனை.

அந்தக் கேசட்டுல இருந்த ஆட்டங்களை இப்ப நெனச்சுப் பார்த்தா, கூட்டாளியைக் கவுக்க வழி இல்லாத ஆட்டமே அபூர்வம். சூப்பர் இல்லாத வெறும் மரியோ பிரதர்ஸ் (1983): கூட்டாளி நிக்கற தரையைக் கீழேர்ந்து முட்டி அவனைத் தூக்கிப் போடலாம். பலூன் ஃபைட்: சேர்ந்து எதிரியோட பலூனை உடைக்கணும், ஆனா கூட்டாளியோட பலூனும் உடையும். ஐஸ் க்ளைம்பர் (1985): ரெண்டு பேரும் பனிமலை ஏறணும். ஒருத்தன் விறுவிறுன்னு மேல போனா திரை நகர்ந்துடும். கீழ இருக்கறவன் திரைக்கு வெளிய விழுந்து ஒரு லைஃப் காலி. அதாவது முன்னேறினாலே துரோகம்! கான்ட்ராவுல அந்த அருவி லெவலும் இதே கதைதான். மேல மேல கீழ கீழன்னு அமுக்கி முப்பது லைஃப் வாங்கினவனும் அந்த அருவியில கூட்டாளி புண்ணியத்துல அஞ்சாறைத் தொலைச்சிருப்பான்.

வாத்து சுடற ஆட்டம் (டக் ஹன்ட், 1984) இன்னும் மேல. குறி தப்பினா புல்லுக்குள்ளேர்ந்து ஒரு நாய் எழுந்து வாயைப் பொத்திக்கிட்டு நம்மளைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நாயைச் சுடாத ஆள் உண்டா? பல பேருக்குத் தெரியாத விஷயம், ஒத்தை வாத்து வர்ற ஆட்டத்துல ரெண்டாவது ஆள் ரிமோட்டை வெச்சு வாத்தை ஓட்டலாம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்கு. முதுகுக்குப் பின்னாடி ரிமோட்டை வெச்சுக்கிட்டு ஒரு மே மாசம் பூரா எங்க வாத்தைப் பறக்கவிட்டிருக்கார். நாயோட சேர்ந்து அவரும் சிரிப்பார். துப்பாக்கி ரிப்பேர்னு நாங்க பேட்டரி போடற இடத்தைத் தேடிக்கிட்டிருந்தோம். அவ்வ்வ்வ்...

இந்த ஆட்டங்கள் எதுலயும் ஆடறதுக்கு ஒரு வார்த்தை கூடப் படிக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் செஞ்சான், இன்னொரு நாட்டுக்காரன் காப்பியடிச்சான், தமிழ் மட்டுமே தெரிஞ்ச பசங்க ஆடினோம். இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம் வித்தியாசம் கிடையாது. என் தெருவுல நல்லா ஆடறவன் கார்ப்பரேஷன் லாரி ஓட்டறவர் பையன். பொட்டி எங்க வீட்டுது, பட்டம் அவனுது. பேச்செல்லாம் திரைக்கு வெளியதான் நடந்துச்சு. அதனால அது தானாவே தமிழாயிடுச்சு.

அந்தப் பக்கம் அமெரிக்காவுல நேர்மாறா ஒரு கிளை வளர்ந்துச்சு. வார்த்தையை வெச்சுச் சிரிக்க வைக்கற ஆட்டங்கள். அதுக்கு மூலம் அகராதி ஆட்டம்னு ஒரு பழைய வீட்டு விளையாட்டு. யாருக்கும் தெரியாத வார்த்தையை ஒருத்தர் சொல்லணும், எல்லாரும் பொய்யா ஒரு அர்த்தம் எழுதணும், எது நிஜம்னு கண்டுபிடிக்கணும். 1984-ல இதையே பால்டர்டாஷ்னு டப்பாவுல போட்டு வித்தாங்க. 1995-ல ஜெல்லிவிஷன்ங்கற சிகாகோ கம்பெனி 'யூ டோன்ட் நோ ஜாக்'னு ஒரு வினாடி வினா சிடி போட்டுச்சு. தப்பாப் பதில் சொன்னா தொகுப்பாளர் நம்மளை வாரு வாருன்னு வாரிடுவார். அந்தக் கூட்டம்தான் பின்னாடி ஜாக்பாக்ஸ் கேம்ஸ்னு பேரை மாத்திக்கிட்டு, 2014-ல ஃபிப்பேஜ், 2015-ல க்விப்லாஷ்னு வரிசையா இறக்குச்சு. ஃபிப்பேஜ்ல விசித்திரமான ஒரு உண்மைச் செய்தியில ஒரு வார்த்தையை அழிச்சுட்டுக் கேப்பாங்க. எல்லாரும் பொய் எழுதணும். நம்ம பொய்யை நண்பன் நம்பினா நமக்குப் பாயிண்ட். க்விப்லாஷ்ல சரியான பதில்னே ஒண்ணு கிடையாது. யார் எழுதினதுக்கு அதிகம் பேர் சிரிச்சாங்களோ, ஓட்டுப் போட்டாங்களோ, அவன் ஜெயிச்சான்.

தொழில்நுட்பமா பார்த்தா ஜாக்பாக்ஸ் பண்ண வேலை ஜோர். ரிமோட்டே வேண்டாம், எல்லார் கையிலயும்தான் போன் இருக்கேன்னு யோசிச்சாங்க. டிவியில நாலெழுத்துக் கோட் வரும். போன்ல ப்ரவுசரைத் திறந்து அதைத் தட்டினா உள்ள வந்துடலாம். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஒருத்தர் வாங்கினா எட்டுப் பேர் ஆடலாம். ஃபேமிகாம் ரெண்டு ரிமோட்டை ஒட்டி வித்ததுக்குப் பிறகு, கூட்டாளிக்குக் காசு கேக்காத ஐடியாவுல இது பெரிசுன்னு சொல்லுவேன்.

ஆனா இது கூடுவாஞ்சேரிக்கு வரல. ஆபீஸ்ல ஒரு டீம் பார்ட்டியில ஒரு தடவை போட்டாங்க. பன்னெண்டு பேர்ல மூணு பேர் சிரிச்சோம், மீதிப் பேர் மூணு பேரைப் பார்த்துச் சிரிச்சாங்க. அமெரிக்காவோட ஏதோ குக்கிராமத்துச் செய்தியை வெச்சு, இங்கிலீஷ்ல, அறுபது நொடிக்குள்ள நக்கலா ஒரு வரி எழுதணும். மதுரைக்காரர் ஒருத்தர், கேன்டீன் வரிசையில வாயைத் திறந்தாலே கும்மி களை கட்டும், அவர் அன்னிக்கு எல்லாத்துக்கும் 'எஸ்'னு எழுதி அனுப்பிட்டு பஜ்ஜி சாப்பிடப் போயிட்டார். அவரை விட வேடிக்கையா எழுதற ஆள் அந்த ரூம்ல இல்லைங்கறது எனக்குத் தெரியும். ஆட்டத்துக்குத் தெரியாது. எனக்கு அன்னிக்குச் சாப்பாடே இறங்கல.

ஆனா பொய் சொல்லிச் சிரிக்கற ஆட்டம் நம்மகிட்ட இல்லாம இல்லையே. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்னு அஞ்சு துண்டுச் சீட்டு எழுதி மடிச்சுக் குலுக்கிப் போட்டு ஆடாத ஆள் இங்க யாராவது இருக்கீங்களா? எங்க தெருவுல ராஜாவுக்கு 1000, திருடனுக்கு முட்டை. போலீஸ் திருடனைக் கண்டுபிடிக்கணும். தப்பாச் சொன்னா போலீஸோட மதிப்பெண் திருடனுக்கு. கரண்ட்டு போன ராத்திரியில மெழுகுவத்தி வெளிச்சத்துல ஆடினா இன்னும் விசேஷம். மூஞ்சி சரியாத் தெரியாது. திருடன் சீட்டு வந்தவன் அடக்க முடியாம சிரிச்சுக் காட்டிக் குடுத்துடுவான். அதைப் பார்த்து ராணி சீட்டு வந்தவ வேணும்னே சிரிப்பா. செலவு, ஒரு பழைய நோட்டோட கடைசிப் பக்கம்.

ஆங், மினி மிலிஷியாவை மறந்துட்டேன்னு நெனச்சீங்களா? அதை மறந்தா என் செட்டுப் பசங்க பின்னூட்டத்துல வந்து மிதிப்பாங்க.

நான் இன்ஜினியரிங் படிச்சது 2014-லேர்ந்து 2018 வரைக்கும். ஜியோ 2016 செப்டம்பர்லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ஜிபி டேட்டாவை மாசம் பூரா உப்பு மாதிரி தொட்டுக்குவோம். அந்தக் காலத்துல காலேஜ் காலேஜா பரவின ஆட்டம் அது. முழுப் பேர் டூடுல் ஆர்மி 2: மினி மிலிஷியா, ஆப்சோம்னியாக்ஸ் செஞ்சது. குட்டிக் குட்டிச் சிப்பாய்கள், கால்ல ராக்கெட் கட்டிப் பறந்துக்கிட்டே சுடணும். அது பரவினதுக்குக் காரணம் படம் அழகா இருந்துச்சுங்கறது இல்லை, இன்டர்நெட்டே வேண்டாம்ங்கறதுதான். ஒருத்தன் ஹாட்ஸ்பாட் போட்டா மத்தவங்க வைஃபையில சேர்ந்துக்கலாம். பன்னெண்டு பேர் வரைக்கும். ஆட்டத்தையே ஷேரிட்ல வாங்கிக்கலாம். ப்ளே ஸ்டோர் பக்கமே போகாம எங்க வகுப்புல பாதிப் பேர் வெச்சிருந்தாங்க.

வைஃபை எட்டற தூரம்னா ஒரு ரூம், ஒரு பஸ், ஒரு ரயில் பெட்டி. அதனால சுட்டவனோட சிரிப்புச் சத்தம் காதுலயே கேக்கும். சாயங்காலம் தாம்பரத்துல செங்கல்பட்டு வண்டி ஏறினா நாங்க ஏழெட்டுப் பேர் கதவோரம் குத்த வெச்சுடுவோம். அதுல ஒரு நுட்பம் இருக்கு. ஹாட்ஸ்பாட் போட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சவன் போன்தான் சர்வர். அவன் வண்டலூர்ல இறங்கிட்டா எல்லாருக்கும் ஆட்டம் புட்டுக்கும். நான் ஜெயிச்சுக்கிட்டிருக்கும்போது எத்தனை தடவை வண்டலூர் வந்திருக்கு தெரியுமா! அதனால சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் போறவனைத்தான் ஹோஸ்ட்டா போடறதுன்னு தீர்மானம் ஆச்சு. அவன் போன் பேட்டரி நாலு சதவீதம் ஆனா பவர் பேங்க் குடுக்கறது குழுவோட கடமை. நான் கூடுவாஞ்சேரியில இறங்கிப் படியேறும்போது சிக்னல் அறுந்து, என் சிப்பாய் அந்தரத்துல நிக்கறதைத் தூரத்துலேர்ந்து யாரோ சுட்டுட்டு "மச்சி, நீ அவுட்டு"ன்னு ஜன்னல் வழியா கத்துவான்.

அதுலயும் வார்த்தை கிடையாது, கவனிச்சீங்களா? பேர் வெக்கற கட்டம் மட்டும்தான் எழுத்து. அந்தக் கட்டத்துக்குள்ள நடந்த அக்கிரமம் தனிக் கதை. ஹெச்ஓடி பேரை வெச்சுக்கிட்டு ஒருத்தன் ஆடினான். அந்த வாரம் பூரா அவனைச் சுடத்தான் கியூ.

2018 ஜூன்ல இன்னர்ஸ்லாத்ங்கற சின்னக் குழு அமாங் அஸ் வெளியிட்டாங்க. அதுவும் முதல்ல ஒரே ரூம்ல உக்காந்து ஆடறதுக்குன்னு திட்டமிட்டதுதான். ஆரம்பத்துல ஒரு நேரத்துல முப்பது ஐம்பது பேர் ஆடினாலே அதிகம். ரெண்டு வருஷம் சீந்துவாரில்லாம கிடந்துச்சு. 2020-ல உலகமே வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டப்போ தலைகீழா மாறுச்சு. இங்க மார்ச் 25-லேர்ந்து ஊரடங்கு. முதல்ல லூடோ கிங். செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜிக்குத் தடை. எங்க பழைய ரயில் கோஷ்டி அப்ப நாலு ஊர்ல, ரெண்டு நாட்டுல இருந்துச்சு. ஒருத்தனுக்கு வேலை போயிருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல. அந்த மாசம்தான் யாரோ அமாங் அஸ் லிங்க்கை குரூப்புல போட்டாங்க.

விண்கலத்துல நாலுலேர்ந்து பத்துப் பேர் (பின்னாடி பதினஞ்சாச்சு). ஒருத்தரோ ரெண்டு பேரோ மூணு பேரோ திருட்டுத்தனமா மத்தவங்களைக் கொல்லணும். பிணம் கிடைச்சா கூட்டம் போட்டு விசாரணை, ஓட்டெடுப்பு. 1986-ல மாஸ்கோ பல்கலைக்கழகத்துல டிமித்ரி டாவிடாஃப் உருவாக்கின மாஃபியா ஆட்டம்தான் இதுக்கு மூலம்னு எல்லாரும் சொல்வாங்க. சரிதான். ஆனா ஆடின முதல் ராத்திரியே எங்க எல்லாருக்கும் தோணினது, அடப்பாவிகளா இது நம்ம திருடன் போலீஸ் சீட்டாச்சேன்னு. மெழுகுவத்திக்குப் பதிலா போன் வெளிச்சம்.

அமாங் அஸ்ல தமிழ் கிடையாது. ஆனா அது ஒரு பொருட்டே ஆகல, ஏன்னா விளையாட்டோட உசுரு விசாரணையிலதான், விசாரணை போன்கால்லதான். "நீ எங்க இருந்த?" "கரண்ட் ரூம்ல ஒயர் மாட்டிக்கிட்டிருந்தேன்." "உனக்கு ஃபியூஸ் போடவே தெரியாதேடா!" இதுக்கு மொழிபெயர்ப்பு எவனும் செய்ய வேண்டாம். செத்தவங்க ஆவியாத் திரியலாம், ஆனா உயிரோட இருக்கறவங்ககிட்ட பேசக் கூடாது. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சும் மைக்கை மூடிக்கிட்டு உக்காரணும். வேலை போனவன் அந்த ஆட்டத்துல படு மோசமான பொய்யன். ஒவ்வொரு தடவையும் மாட்டுவான். "இவன் எதையோ மறைக்கறான்டா"ன்னு ஒரு நாள் ஒருத்தன் விளையாட்டாச் சொல்லப் போக, மைக்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவனே சொன்னான், ஜூன் மாசமே வேலை போயிடுச்சுன்னு. அன்னிக்கு ஓட்டெடுப்பு நடக்கல. விடியக்காலை மூணு மணி வரைக்கும் ரெஸ்யூமை உக்காந்து திருத்தினோம். பிணம் அப்படியே கிடந்துச்சு.

அதுக்கப்புறம் வரைஞ்சு கண்டுபிடிக்கற ஆட்டங்கள் பக்கம் போனோம். ஒருத்தர் வரையணும், மத்தவங்க என்னன்னு தட்டச்சு பண்ணணும். நம்ம சொந்த வார்த்தைகளையும் போட்டுக்கலாம். விடுவோமா? தமிழ்ல போட்டோம். முதல் வார்த்தை வாழைப்பழம். விடைக்கு எத்தனை எழுத்துன்னு கோடு போட்டுக் காட்டுமில்ல, பத்துக் கோடு வந்துச்சு. எண்ணிப் பாருங்க: வா, ழை, ப், ப, ழ, ம். ஆறு. தமிழ் எழுத்து ஆறுன்னா யூனிகோடுக்குப் பத்து. கால், கொம்பு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனி ஆளா நெனச்சு எண்ணும். ஜாவாஸ்கிரிப்ட்ல நீளம் கேட்டா இப்பவும் பத்துன்னுதான் சொல்லும், செஞ்சு பாருங்க. வரைஞ்சிருந்தது ரெண்டு பழம். யாரும் வாழைப்பழம்னு எழுதல, பத்தெழுத்துல வேற என்னடான்னு தேடிக்கிட்டிருந்தோம்.

சரின்னு ஆங்கில எழுத்துல தமிழை எழுதிப் போட்டோம். சொந்த செலவில் சூனியம். ழகரத்துக்கு ஒருத்தன் இசட் போடறான், இன்னொருத்தன் எல்லோட ஹெச் சேர்க்கறான், திருநெல்வேலிக்காரன் வெறும் எல்லோட நிப்பாட்டறான். அச்சரம் பிசகினா ஆட்டம் ஒத்துக்காது. ஒருத்தன் எட்டு விதமா வாழைப்பழத்தை அடிச்சுட்டு, கரகாட்டக்காரன் செந்தில் மாதிரி அதாண்ணே இதுன்னு மைக்ல கத்தினான். வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆனா அந்தச் சிரிப்புக்கு அடியில எனக்குக் கொஞ்சம் கடுப்பும் இருந்துச்சு. உலகத்துல ஏழெட்டுக் கோடிப் பேர் பேசற மொழியில ஒரு பழத்தோட பேரை எண்ணத் தெரியல. எழுத்துக்கூட்டமா எண்ணற நூலகங்கள் எல்லாம் இருக்கு. ஒரு நாள் ராத்திரி உக்காந்தா பண்ற வேலை. யாருக்கும் தோணல, அவ்வளவுதான்.

இப்ப எங்க கோஷ்டி மாசம் ஒரு சனிக்கிழமை ஆடறது கார்ட்டிக் போன். பிரேசில்காரங்க செஞ்சது, 2021-ல உலகம் முழுக்கப் பரவுச்சு. நீங்க ஒரு வரி எழுதணும். அடுத்தவன் அதைப் படமா வரையணும். அதுக்கடுத்தவன் படத்தை மட்டும் பார்த்து வரி எழுதணும். இப்படியே சுத்தி வந்து கடைசியில மொத்தத்தையும் வரிசையாக் காட்டும். மதிப்பெண் கிடையாது, ஜெயிக்கறவன் கிடையாது. எழுத்தை எண்ணறதில்லை, சரி பார்க்கறதில்லை. காலியா ஒரு கட்டம், அவ்வளவே. அதனால தமிழ் அங்க நல்லாவே வேலை செய்யுது. கான்ட்ராவுல வார்த்தை இல்லை, நாங்க பேசிக்கிட்டோம். இதுல வார்த்தை மட்டும்தான் இருக்கு, அதுவும் எங்களுது.

போன தடவை மதுரைக்கார அண்ணனையும் சேர்த்துக்கிட்டோம். நான் எழுதின வரி: 'கடைசி டிரெய்னை விட்டுட்டு கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பெஞ்சுல கொசுக்கடியில தூங்கறவன்'. ஆறு கை மாறி அவர்கிட்ட வந்தப்போ படத்துல பெஞ்சு கட்டிலாகி, கொசு கழுகாகி, டிரெய்ன் எருமையாகியிருந்துச்சு. அவர் அதுக்கு எழுதினது: 'எமனுக்கு ஓடி எழவில்லாம நைட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க'. நியூஜெர்சியில அவனவன் பொண்டாட்டி எழுந்து வந்து திட்டற அளவுக்குச் சிரிச்சோம்.

உங்க கேசட்டுல என்னென்ன இருந்துச்சு? வாத்து ரகசியம் உங்க தெருவுல யாருக்குத் தெரியும்? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. ஆணி கூப்பிடுது, இப்போதைக்கு ஜூட்!